ஊதியமும் வரியும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

நாம் பெரும் படிப்பாளி அல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்து, 2005-இல் ரயில்வேயில் கலாசியாக நுழைந்து, இலாகாப் பரீட்சை எழுதிக் குமாஸ்தா நாற்காலிக்கு வந்தோம். ஆகவே நமக்குத் தெரிந்ததைப் பற்றியே பேசுகிறோம். அது நம் சம்பளம்.

2025 ஜனவரி 16 அன்று எட்டாவது சம்பளக் கமிஷனுக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்தது. மறுநாட் காலை, காலனி வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி நம்மைப் பார்த்து, “சார், உங்களுக்குக் கமிஷன் வந்துவிட்டதாமே; எங்களுக்கு எப்போது வரும்?” என்று கேட்டார். அருகிருந்தோர் சிரித்தனர், நாமும் சிரித்தோம். ஆனால் பதில் சொல்லவில்லை. அன்று சொல்லாத பதிலைத் தேடுவதே இச்சொற்பொழிவு.

முதலில் நம் பக்கத்து நியாயத்தைச் சொல்வோம். 1947-இல் முதற் கமிஷன் கடைநிலை ஊழியருக்கு அகவிலைப்படி சேர்த்து மாதம் 55 ரூபாய் வகுத்தது. 1959-இல் இரண்டாவது கமிஷன் அதை 80 ரூபாய் ஆக்கியது. நம் தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி இரத்தினவேல் பாண்டியன் தலைமையில் அமைந்த ஐந்தாவது கமிஷனும் உண்டு. ஏழாவது கமிஷனின்படி 2016 முதல் தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். இவை யாரும் இரக்கப்பட்டு எறிந்த காசு அல்ல. 1974 மே மாதத்து ரயில்வே வேலைநிறுத்தத்தில் சிறை சென்றோரும், வேலை இழந்தோரும், குடியிருந்த குவார்ட்டர்ஸினின்று வெளியேற்றப்பட்டோரும் நம் மூத்த தலைமுறையினரே.

ஓய்வூதியமும் அவ்வாறே. அது அரசாங்கம் மனமுவந்து தரும் வெகுமதி அன்று, உழைத்த காலத்தின் உரிமை என்று 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. ஆயினும் 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தோர்க்கு அப்பழைய ஓய்வூதியம் இல்லை. சில மாதம் முன்பின்னாகச் சேர்ந்த இருவர், ஒரே மேஜையில் ஒரே வேலையைச் செய்தும், முதுமையில் இருவேறு நிலை அடைவர். நாம் பிந்தியவர் வரிசை. 2025 ஏப்ரல் 1 முதல் வந்துள்ள ஒருங்கிணைந்த திட்டத்தில், 25 ஆண்டு ஊழியம் நிறைந்தோர்க்குக் கடைசி 12 மாதத்து அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி கிடைக்கும். இதற்கு நாம் சம்பளத்தில் 100-க்கு 10 செலுத்த, அரசாங்கம் 18½ அளிக்கிறது.

இனி அண்ணாச்சியின் பக்கம் நிற்போம். அந்தப் 18½ எங்கிருந்து வருகிறது?

ஏழாவது கமிஷன் தன் பரிந்துரைகளுக்கு 2016-17-ஆம் ஆண்டில் ஆகும் கூடுதற் செலவு ஏறத்தாழ 1,02,100 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அதில் 28,450 கோடி ரயில்வேயின் பங்கு. ரயில்வே ஊழியரின் சம்பளமும் ஓய்வூதியமும் ரயில்வேயின் சொந்த வருமானத்திலிருந்து செல்வதால், வரி செலுத்துவோருக்குப் பாரமில்லை என்று நம்மிற் பலர் வாதிடுவதுண்டு. நாமும் வாதிட்டிருக்கிறோம். ஆனால் 2023-24-இல் ரயில்வே 100 ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய்க்கு மேல் செலவழித்தது. எஞ்சிய ஒன்றரை ரூபாயில் புதுத் தண்டவாளம் போட முடியுமா? அதற்கு மத்திய பட்ஜெட்டே கைகொடுக்கிறது. பயணிக்கு ஆகும் 100 ரூபாய்ச் செலவில் 54 ரூபாயே கட்டணமாகப் பெறுவதாக 2024-இல் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் கூறினார். அக்குறையைச் சரக்குக் கட்டணம் ஈடுசெய்கிறது. சரக்கு என்பது என்ன? நிலக்கரி, சிமெண்டு, உப்பு, அரிசி. நிலக்கரிக்கு ஏறும் கூலி மின்சாரக் கட்டணத்தில் ஏறி, அண்ணாச்சியின் கிரைண்டரில் வந்து நிற்கிறது.

வருமான வரி கட்டாதவன் வரியே கட்டாதவன் என்று எண்ணுவது பிழை. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபின், பற்பசை வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி செலுத்துபவனே. அவனுக்குச் சம்பளக் கமிஷன் இல்லை; அகவிலைப்படி இல்லை. 2015-இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டத்தில் அவன் 40 வயதிற்குள் சேர்ந்து, 60 வரை பணம் கட்டினால், உறுதியாகக் கிடைப்பது மாதம் 1,000 முதல் 5,000 வரையே. நமக்கோ, 10 ஆண்டு ஊழியம் செய்து ஓய்வு பெற்றாலே, குறைந்தது 10,000.

அப்படியானால் நம் ஊதியத்தைக் குறைக்க வேண்டுமா? வேண்டா. நம் அடுப்பு அணைவதால் அண்ணாச்சியின் அடுப்பு எரியாது. ஆனால் கொடுப்பவனுக்கு ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு: ‘என் காசுக்கு எனக்கு என்ன செய்தாய்?’

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், காலமான கேங்மேன் ஒருவரின் மனைவி குடும்ப ஓய்வூதியத்திற்கு மனுச் செய்திருந்தார். கணவர் பெயர் சேவைப் பதிவேட்டில் ஒருவிதமாகவும், ஆதாரில் வேறுவிதமாகவும் இருந்தது. ஒற்றைக் கடிதத்தில் தீரும் காரியம். அந்தக் கோப்பு மூன்று மாதம் நம் மேஜையில் கிடந்தது. வேறொருவர் மேஜையிலன்று, நம் மேஜையில். அம்மையார் மூன்று முறை பாசஞ்சர் வண்டியேறி வந்தார். மூன்றாம் முறை, நம்மிடம் ஒன்றும் பேசாமல், மூன்று பயணச் சீட்டுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். நம் சம்பளத்திற்குத் தம் பங்கை மூன்று முறை செலுத்திவிட்டு, வேலை நடக்காமலே திரும்பியிருக்கிறார்! அன்று மாலையே கடிதம் புறப்பட்டது. புறப்பட முடிந்த கடிதம் மூன்று மாதம் முன்பே புறப்பட்டிருக்கலாம். அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

சபையோரே! ஊதிய உயர்வு கேட்கும் உரிமையை நாம் விடவேண்டியதில்லை. அதைக் கேட்கும் வாய்க்கு வலிமை தருவது, முடிந்த கோப்பும் திறந்திருக்கும் ஜன்னலுமே. ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். ஞாயிறுதோறும் காலை 10 முதல் 12 வரை நம் சங்க வாசகசாலையில் குமாஸ்தாக்கள் இருவர் உட்காருவோம். ஓய்வூதியத் தாள், பெயர்த் திருத்தம், அடல் திட்ட மனு எதுவாயினும், ரயில்வேக்காரர் அல்லாதவரும், தமிழர் அல்லாதவரும் வரலாம். முதல் ஞாயிறு நாம் உட்காருகிறோம். அண்ணாச்சியின் கடைப் பையன்கள் மூவருக்கும் மனு எழுதுவதே முதல் வேலை.

அவர் கேட்ட கேள்விக்கு இது முழுப் பதிலாகாது. ஆயினும் இனி அவர் கடையில் தலைநிமிர்ந்து இட்லி உண்ணலாம் என்று நம்புகிறோம்.