பழைய அட்லஸில் இல்லாத ஸ்டேஷன்

வேலூரோடு நின்றுகொண்டிருந்த சென்னைக் கடற்கரை ரயிலை 2024 மே மாதம் நம் ஊரான திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். எங்கள் தெருக்காரர்கள் பதினெட்டுப் பேர் விடிவதற்கு முன்பே அதில் ஏறி, சென்னை ஐ.சி.எஃப். பக்கத்திலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 2002இல் திறக்கப்பட்டது அது.

பிள்ளைகள் குட்டி ரயிலைத் தேடி ஓடிவிட்டார்கள். பெரியவர்கள் நீலகிரி மலை ரயில் பெட்டியை விட்டு நகரவில்லை. "நம்ம வண்டியும் இவ்ளோ குறுகலாவா இருந்துச்சு? திருக்கோவிலூர்லேர்ந்து வாக்கப்பட்டு வந்தப்ப இதுமாதிரி வண்டியிலதாம்பா வந்தேன்" என்றார் எதிர்வீட்டு அம்மா.

அவர் சொன்னது சரிதான். ஊட்டி ரயில் இன்றும் மீட்டர் கேஜில்தான் ஓடுகிறது: தண்டவாளங்களுக்கு நடுவே ஒரே ஒரு மீட்டர். நம் விழுப்புரம்–காட்பாடிப் பாதையும் அப்படித்தான் போடப்பட்டது. 2010இல்தான் அது அகலப் பாதையாகி, இடைவெளி 1,676 மில்லிமீட்டர் ஆனது.

திருக்கோவிலூர் என்றதும் எனக்கு ரமணர் ஞாபகம் வந்துவிட்டது. 1896 ஆகஸ்டில், பின்னாளில் ரமணரான பதினாறு வயது வேங்கடராமன், திருவண்ணாமலைக்கு வழி தேடி மதுரையில் ஒரு பழைய அட்லஸைப் புரட்டினார். நம் ஊருக்கு ரயில் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அட்லஸில் அந்தப் பாதையே இல்லை. திண்டிவனம்தான் பக்கம் என்று நினைத்து 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் எடுத்தார். திருவண்ணாமலைக்கே ஸ்டேஷன் இருக்கிறது, விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று சொன்னவர் வண்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி. மாம்பழப்பட்டு வரைக்கும்தான் கையில் காசு இருந்தது. அங்கிருந்து நடை. கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து, திருக்கோவிலூரில் மறுபடி ரயிலேறி, செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து இறங்கினார்.

இதைச் சொல்லி முடித்தபோது அந்த அம்மா பெட்டியின் சன்னல் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் வந்த வழிதானே!" என்றார்.

நேயர்களே, அந்தச் சின்னத் தண்டவாளம் நம் ஊரில் இப்போது இல்லை. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்தக் காலத்து அட்டை டிக்கெட்டோ, ஸ்டேஷனில் எடுத்த படமோ கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்னால் யார், எந்த வருஷம் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். அந்த அம்மா சொல்லச் சொல்ல, ரயிலில் திரும்பும்போதே நான் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன்.