ஒரு விகுதியில் இருக்கும் மேடும் பள்ளமும்

தலைவரவர்களே! தாய்மார்களே! தோழர்களே!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இலக்கணத்தைச் சேர்ந்தது. இலக்கணம் என்றவுடனே, அது பண்டிதர்கள் சங்கதி, நமக்கு அதில் என்ன வேலை என்று உங்களில் பலருக்குத் தோன்றலாம். ஆனால் படித்தவரானாலும் படியாதவரானாலும் வாயைத் திறந்தால் இலக்கணத்தைக்கொண்டுதான் பேசுகிறோம். பேசும் சொல்லை அறுத்து உள்ளே பார்க்கும் வழக்கம் மாத்திரம் நம்மிடம் இல்லை.

சற்றுமுன் "தலைவரவர்களே" என்று கூப்பிட்டோம். தலைவர் ஒருவர்தான். ஆனால் அந்தச் சொல்லில் எத்தனை பேர் இருக்கிறார்கள் பாருங்கள். "தலைவர்" என்பதில் ஓர் "அர்", "அவர்" என்பதில் இன்னோர் "அர்", அது போதாதென்று ஒரு "கள்." பலரைக் குறிக்க ஏற்பட்ட குறி மூன்றையும் ஒரே மனிதர்மேல் ஏற்றியிருக்கிறோம். இது எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

ஒரு சொல்லை அறுத்துக்கொண்டே போனால், இதற்குமேல் அறுத்தால் அர்த்தம் கெட்டுவிடும் என்கிற இடம் வரும். அங்கே மிஞ்சும் துண்டுக்கு இக்கால மொழிநூலார் உருபன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புச் சொன்னார். இவற்றுள் சந்தியும் விகாரமும் ஓசைக்காக வருபவையே. அவற்றுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது.

அறுத்தது சரியா என்று அறிய யார் வாக்கையும் நம்பவேண்டியதில்லை. ஒன்றை மாற்றி மற்றொன்றை வைத்துப் பார்த்தாலே போதும். நடந்தான், நடப்பான் என்றால் காலம் மாறுகிறது, ஆள் மாறவில்லை. நடந்தான், நடந்தாள், நடந்தார் என்றால் ஆள் மாறுகிறது, காலம் மாறவில்லை. ஆகவே காலத்துக்கு ஒரு துண்டும் ஆளுக்கு ஒரு துண்டும் தனித்தனியே இருப்பது தெரிந்துபோகிறது. உருவம் ஒத்திருந்தால் மாத்திரம் போதாது, அர்த்தமும் ஒக்கவேண்டும். "கல்வி"யில் உள்ள "கல்" வீதியில் கிடக்கும் கல் அல்ல. கற்பது என்னும் கல். கேள்வி, தோல்வி என்பவற்றில் வரும் "வி"தான் அதிலும் வருகிறது. இந்தச் சோதனை தெரியாதவர்களிடத்தில்தான், சொல்லை இஷ்டப்படி வெட்டி ஒட்டிப் புராண அர்த்தம் சொல்லுகிறவர்கள் பிழைக்க முடிகிறது.

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். பழைய இலக்கணப்படி "ஆன்" என்றால் ஓர் ஆண், "ஆள்" என்றால் ஒரு பெண், "ஆர்" என்றால் பலர். அவ்வளவுதான் கணக்கு. இதில் உயர்ந்தவன் எங்கே, தாழ்ந்தவன் எங்கே? ஒருவரைப் பன்மையில் சொல்லுவது வழக்கினால் வந்த உயர்வுச் சொல்லே ஒழிய இலக்கண முறையல்ல என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. வழக்கு என்றால் மனிதர் செய்துகொண்டது என்றுதானே அர்த்தம்?

"கள்" என்பதன் கதை இதைவிட வேடிக்கையானது. தொல்காப்பியம் அதை அஃறிணைப் பெயர்களோடு சேர்த்துத்தான் சொல்லுகிறது. மாட்டுக்கும் மரத்துக்கும் உரியது. பிறகு அது மக்கள்மேலும் ஏறிற்று. திருக்குறளில் "பூரியர்கள்" என்று வருகிறது. பூரியர் என்றால் கீழ்மக்கள். அவர்களுக்குக் "கள்" கொடுத்தது மரியாதைக்காக அல்ல, பலர் என்று காட்டத்தான். அப்படிப்பட்ட "கள்"தான் இன்று பெரிய மனிதர் பெயருக்குப் பின்னால் "அவர்கள்" என்று பட்டம்போல நிற்கிறது!

ஆகவே தோழர்களே, இந்தத் துண்டுகளுக்கு எந்தப் புனிதமும் இல்லை. நாம் வைத்த அர்த்தம்தான் அவற்றில் இருக்கிறது. அப்படியானால் நாம் வைத்திருப்பது என்ன? பண்ணையில் வேலை செய்யும் எழுபது வயதுக் கிழவர் வந்தால் "வந்தான்." மிராசுதார் வீட்டுப் பத்து வயதுப் பையன் வந்தால் "வந்தார்." வயதுக்கு மரியாதை என்று சொல்லிக்கொள்ளுகிறோமே, அந்தக் கிழவருடைய வயது எங்கே போயிற்று? தெருக் கூட்டுகிறவருக்கு "வா", அந்தத் தெருவில் குடியிருக்கிறவருக்கு "வாருங்கள்." 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்லுகிறது. ஆனால் வினைச்சொல்லின் முடிவில் எந்த விகுதியை வைப்பதென்று அதில் எழுதவில்லை. எழுதவும் முடியாது. அது நம் நாக்கில் இருக்கிறது.

இந்த விகுதிகளையே எடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். மலையாளத்தில் அப்படித்தான் ஆயிற்று. அவன் வந்தாலும் அவள் வந்தாலும் அவர் வந்தாலும் அங்கே "வந்நு" ஒன்றே. ஆனால் அதனால் மேடு பள்ளம் போய்விட்டதா? இல்லை, அவன் என்பதா, அவர் என்பதா என்கிற இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது. ஆதலால் குற்றம் விகுதியில் இல்லை. அதை ஆள் பார்த்துப் பங்கிடும் புத்தியில்தான் இருக்கிறது.

"ஆர்" என்னும் அந்த ஒரு துண்டைக் கொடுப்பதில் நமக்குச் செலவு ஒன்றும் இல்லை. நெல் அளக்க வேண்டாம், நிலம் எழுதிக் கொடுக்க வேண்டாம். அதைக்கூட ஒரு மனிதனுக்குக் கொடுக்க மனம் வராதவர்கள், நாளை கூலியிலும் நிலத்திலும் அவனுக்கு நியாயம் செய்வார்கள் என்று எப்படி நம்புவது? விகுதி மாறினால் வயிறு நிறைந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் நம்மைப் போன்ற மனிதன் என்று வாயால்கூட ஒப்புக்கொள்ளப்படாதவன் எதையும் உரிமையாகக் கேட்க முடியாது என்றுதான் சொல்லுகிறோம்.

ஆகையால் நாளைக் காலையிலிருந்து நீங்கள் யாருக்கு "ஆன்" போடுகிறீர்கள், யாருக்கு "ஆர்" போடுகிறீர்கள், வீட்டில் மனைவிக்கும் மருமகளுக்கும் எதைப் போடுகிறீர்கள் என்று ஒரே ஒரு நாள் எண்ணிப் பார்க்கும்படியும், உங்கள் பிள்ளைகளையும் எண்ணச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டு, இத்துடன் நமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.