பண்டிதை ரமாபாயின் முக்தி

விடுதலை என்னும் சொல்லைக் கிறிஸ்தவ மறைநூல் இரண்டு தளங்களில் ஆள்கிறது. பாவத்தின் பிடியிலிருந்தும் மரண அச்சத்திலிருந்தும் மனிதர் பெறும் மீட்பு ஒன்று. சமயத்தின் பெயரால் ஒருவர் மற்றொருவர் மீது ஏற்றிவைக்கும் சுமைகளிலிருந்து மனச்சான்று பெறும் உரிமை மற்றொன்று. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் இவ்விரண்டும் பிரிக்க முடியாதவாறு பின்னிக் கிடக்கின்றன. இன்றைய துருக்கி நாட்டின் ஒரு பகுதியாகிய கலாத்தியாவில் யூதரல்லாத மக்கள் கிறிஸ்துவை ஏற்றபோது, அவர்கள் யூதரைப்போல் விருத்தசேதனம் செய்துகொண்டு யூதச் சட்டத்தின் விதிகளையும் கைக்கொண்டால்தான் முழுமை பெற்றவராவர் என்று சிலர் போதித்தனர். பவுல் அதனைக் கடுஞ்சினத்தோடு மறுத்தார். கிறிஸ்துவிடம் வருவதற்கு ஒருவர் முதலில் வேறொருவராக மாற வேண்டியதில்லை என்பதும், மாறியே தீரவேண்டும் என்று வற்புறுத்துவது இறக்கிவைத்த நுகத்தடியை மீண்டும் கழுத்தில் பூட்டுவதாகும் என்பதும் அக்கடிதத்தின் உயிர்நாடி. அவரே கொரிந்தியருக்கு எழுதிய முதற்கடிதத்தில், திருச்சபையைப் பல உறுப்புகள் கொண்ட ஓர் உடலுக்கு ஒப்பிட்டு, கண்ணும் காதும் கையும் காலும் தத்தம் இயல்பில் வேறுபட்டிருப்பதால்தான் உடல் உடலாக நிற்கிறது என்று விளக்கியதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

ஏட்டில் இக்கொள்கை எளியது; நடைமுறையில், குறிப்பாக ஆளும் நாட்டின் மொழியும் உடையும் உணவும் நற்செய்தியோடு ஒரே கப்பலில் வந்திறங்கிய 19 ஆம் நூற்றாண்டு இந்தியாவில், இதனைக் காப்பது அரிதாக இருந்தது. புதிதாகச் சபையில் சேர்ந்தவர் எதனை விடவேண்டும், எதனை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்யும் உரிமை பெரும்பாலும் பிறர் கையிலேயே இருந்தது. அந்த உரிமையைத் தம் மனச்சான்றிடமே வைத்துக்கொண்டு, அதற்காகத் தம்மை நேசித்தவர்களோடும் வழக்காடி, அந்த வழக்கின் நடுவிலும் கிறிஸ்துவை விடாமல் பற்றி நின்றவர் பண்டிதை ரமாபாய்.

1858 இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் கங்காமூலக் காட்டில் பிறந்த ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கலாகாது என்ற மரபை மீறித் தம் மனைவிக்கு அதனைக் கற்பித்து, அதன் காரணமாகவே சுற்றத்தாரின் பகையைத் தேடிக்கொண்ட வைதிகர். தாய் லட்சுமிபாய், தாம் பெற்ற கல்வியை மகளுக்கு அளித்தார். பாகவத புராணத்தின் 18,000 சுலோகங்களை இளமையிலேயே மனப்பாடம் செய்த அந்தப் பெண், பெற்றோருடன் தலந்தோறும் நடந்து, புராணம் வாசிப்பதே தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் வளர்ந்தார். பெற்றோரும் தமக்கையும் பஞ்சத்தில் மடிந்தபின், தமையன் சீனிவாசனுடன் கால்நடையாகவே அலைந்து 1878 இல் கல்கத்தாவை அடைந்தார். அங்குள்ள அறிஞர்கள் அவரது புலமையைச் சோதித்து வியந்து, 'பண்டிதை' என்றும் 'சரசுவதி' என்றும் பட்டங்கள் அளித்தனர்.

பட்டம் அளித்த அந்நகரிலேயே அவருடைய நம்பிக்கை ஆட்டம் கண்டது என்பது கருதத்தக்கது. பெண்களின் கடமைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டபோது, அதற்காக அவர் தர்மசாத்திரங்களை ஊன்றிப் படித்தார். வேறு எத்தனையோ பொருள்களில் ஒன்றோடொன்று முரண்படும் அந்நூல்கள், பெண்கள் இயல்பிலேயே தீயவர் என்பதிலும், ஆண்கள் அடைவதுபோல் அவர்கள் முக்தி அடைய இயலாது என்பதிலும் மட்டும் ஒன்றுபட்டு நிற்பதைக் கண்டதாகப் பிற்காலத்தில் தம் சாட்சியத்தில், அதாவது ஒரு விசுவாசி தம் ஆன்மிகப் பயணத்தை விவரித்து எழுதும் நூலில், பதிவு செய்தார். 'முக்தி' என்பது கட்டவிழ்தல், விடுபடுதல் என்னும் பொருளுடைய சமஸ்கிருதச் சொல். தமிழில் வீடுபேறு எனப்படுவதும் அதுவே. அந்தச் சொல்லின் இலக்கணத்தைப் பிழையற அறிந்த ஒருவருக்கு அச்சொல் குறிக்கும் பேறு பெண் என்பதாலேயே மறுக்கப்பட்டது.

தமையனும் இறந்தபின், 1880 இல், சாதியிலும் மொழியிலும் தம்மினின்று வேறுபட்ட வங்காள வழக்கறிஞர் விபின் பிகாரி மேதாவியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். கணவரின் நூலகத்தில் வங்க மொழியில் கிடைத்த லூக்கா நற்செய்திச் சிறுநூலே அவர் கண்ட முதல் கிறிஸ்தவ வாசிப்புகளுள் ஒன்று. இரண்டாண்டும் நிறையுமுன் கணவர் காலராவால் இறந்தார். கைக்குழந்தை மனோரமாவுடன் புணே வந்த 24 வயதுக் கைம்பெண், 1882 இல் 'ஆரிய மகிளா சமாஜம்' என்னும் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மருத்துவம் கற்கும் நோக்குடன் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குறைந்து வந்தமையால் அந்நோக்கம் நிறைவேறவில்லை.

இங்கிலாந்தில் அவருக்கு உறைவிடம் அளித்தது வான்டேஜ் என்னும் ஊரிலிருந்த ஆங்கிலிக்கன் கன்னியர் மடம். அம்மடத்தார் லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில், 'வழிதவறியவர்' என்று உலகம் ஒதுக்கிய பெண்களுக்காக ஓர் இல்லம் நடத்தினர். அத்தகைய பெண்களை அன்போடு பேணும் வழக்கத்தை அதற்குமுன் எங்கும் கண்டிராத ரமாபாய், இதற்குக் காரணம் என்ன என்று வினவினார். விடையாக ஒரு சகோதரி யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார். கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண் ஒருத்தியிடம் தண்ணீர் கேட்டு, கடவுளை வழிபடுவதற்கு இந்த மலையோ அந்த நகரமோ தேவையில்லை, ஆவியிலும் உண்மையிலும் வழிபடுவதே வழிபாடு என்று உரையாடும் பகுதி அது. இனத்தால் விலக்கப்பட்டவள், பெண், பலமுறை மணந்தவள் என மூன்று வகையில் தாழ்த்தப்பட்ட ஒருத்தியிடம் மிக உயர்ந்த இறையியல் பேசப்படுவதை அவர் அங்கே கண்டார். சாத்திரங்கள் மறுத்ததை இந்த ஆசான் கேளாமலே கொடுக்கிறார் என்ற உணர்வு அவரை ஈர்த்தது. நெகேமியா கோரே என்னும் மராத்தியக் குருவின் எழுத்துகள் அவரது அறிவையும் இணங்கச் செய்தன. 1883 செப்டம்பர் 29 அன்று அவரும் மனோரமாவும் ஞானஸ்நானம் பெற்றனர்.

இதன்பின் நிகழ்ந்ததே இவ்வுரையின் மையப்பொருள். ரமாபாயின் ஆன்மிகத் தாயாக அமைந்தவர் சகோதரி ஜெரால்டீன். அவரை ரமாபாய் பாட்டி என்னும் பொருளுடைய மராத்திச் சொல்லால் 'ஆஜீபாய்' என்று அழைத்தார். இருவருக்குமிடையே நடந்த கடிதப் போக்குவரத்து அன்பும் கண்டிப்பும் கலந்தது. ரமாபாய் புலாலும் முட்டையும் உண்ண மறுத்ததைச் சாதிப் பற்றின் மிச்சம் என்று சகோதரி கருதினார். ரமாபாயோ, தாம் பிறந்த நாட்டின் வழக்கங்களில் தீங்கற்றவற்றை இயன்ற மட்டும் காப்பதாகவும், ஹிந்து என்று அழைக்கப்படுவதில் தமக்குக் கூச்சம் ஏதுமில்லை என்றும் விடையளித்தார். கழுத்தில் அணியும் சிலுவையில் பொறிக்கப்பட்ட இலத்தீன் சொற்களைப் பற்றியும் வழக்கு எழுந்தது. தமக்கும் தம் மக்களுக்கும் விளங்காத இலத்தீன், சமஸ்கிருதத்தைவிட எவ்வகையில் புனிதமானது என்று அவர் கேட்டார். அவருக்குச் சிலுவையில் தடை இல்லை. ஒரு மொழியின் மேலாதிக்கம் சிலுவையோடு சேர்ந்து கழுத்தில் ஏறுவதையே அவர் ஏற்கவில்லை.

கோட்பாடுகளிலும் இத்தகைய தயக்கமே நிலவியது. அத்தனாசியார் விசுவாசப் பிரமாணம் எனப்படுவது, ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருத்தலாகிய திரித்துவத்தை நுணுக்கமாக வரையறுத்து, அதனை ஏற்காதார்க்கு மீட்பில்லை என அறிவிக்கும் பழைய அறிக்கை. தமக்கு விளங்காததை விளங்கியதாக அறிக்கையிட ரமாபாய் மறுத்தார். குருமாரின் நுகத்திலிருந்து அரும்பாடுபட்டு விடுபட்டு வந்த தாம், வேறொரு குருமாரின் நுகத்தை அத்துணை விரைவில் ஏற்பதற்கில்லை என்றும், கடவுளின் சொல்லுக்குப் பணிவதும் அதனை விளக்குவோர்க்குப் பணிவதும் ஒன்றல்ல என்றும் எழுதினார். இதனைச் செருக்கு என்று சகோதரி கண்டித்தார். செல்ட்டன்ஹம் மகளிர் கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்து வந்த ரமாபாய் ஆண்களுக்கும் கற்பிக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, அது அவரது பெண்மைக்கும் எதிர்காலப் பணிக்கும் ஊறு செய்யும் என்று இந்தியாவில் பணியாற்றிய ஆயர்கள் தடுத்தனர். கல்கத்தாவின் பண்டிதர் அவையில் ஆண்களின் நடுவே எழுந்து பேசியவருக்கு, கிறிஸ்துவின் திருச்சபையில் அவ்வாய்ப்பு மறுக்கப்பட்டமை ஆழ்ந்த வருத்தமளித்ததில் வியப்பில்லை.

சகோதரி ஜெரால்டீனைக் குறைத்து மதிப்பிடுவது நீதியாகாது. தம் ஆன்மிக மகள் வழிதவறிவிடுவாளோ என்ற கவலையே அவரை ஆட்டிவைத்தது. தம்மை மறுத்துரைத்த அந்தக் கடிதங்களைத் திரட்டிப் பேணி வைத்தவரும் அவரே. 1977 இல் அவை நூலாக அச்சேறியதால்தான் இவ்வழக்கு இன்று அறியப்படுகிறது.

1886 இல் அமெரிக்கா சென்ற ரமாபாய், உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலையை விளக்கும் ஆங்கில நூலை அடுத்த ஆண்டு வெளியிட்டு, அங்குத் திரட்டிய ஆதரவைக் கொண்டு 1889 மார்ச் 11 அன்று பம்பாயில் 'சாரதா சதன்' என்னும் பள்ளி இல்லத்தைக் கைம்பெண்களுக்காகத் திறந்தார். ஓராண்டுக்குப்பின் அது புணேக்கு மாறியது. சமயத்தைப் புகுத்துவதில்லை என்பது அவ்வில்லத்தின் விதி. ஆயினும் தமது சொந்த வேண்டுதலைத் திறந்த கதவுடன் நடத்தினார். விரும்பிய பெண்கள் சிலர் அதில் வந்தமர்ந்தனர். 1893 இல் இது பெரும்பூசலாக வெடித்து, ரானடே, பண்டார்கர் போன்ற சீர்திருத்தவாதிகள் ஆலோசனைக் குழுவிலிருந்து விலக, பல மாணவியர் வீட்டாரால் அழைத்துச் செல்லப்பட்டனர். தம் மனச்சான்றுக்குக் கேட்ட உரிமையைத் தம் மாணவியருக்கும் மறுக்காமையே அவர் செய்தது. அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது.

இதற்குச் சற்று முன்னர், ஞானஸ்நானம் பெற்று எட்டாண்டு கழிந்தபின், அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. தம் சொந்தப் பிரசங்கத்தாலேயே மனமாற்றம் அடைந்த ஆங்கிலக் குரு வில்லியம் ஹாஸ்லத்தின் வாழ்க்கை வரலாற்றைப் படித்த ரமாபாய், இதுவரை தாம் கண்டடைந்தது கிறிஸ்தவ சமயத்தையே அன்றிக் கிறிஸ்துவை அல்ல என்று உணர்ந்தார். இந்த ஒப்புதலின் துணிவைக் கேட்போர் எண்ணிப் பார்த்தல் தகும். அறிவாலும் வழக்காலும் தம் உரிமையை நிலைநாட்டிய ஒருவர், அவ்வுரிமையே மீட்பு ஆகிவிடாது என்று கண்டுகொண்டார். மீட்பு என்பது தகுதியால் ஈட்டும் கூலி அல்ல, வெறுங்கையில் பெறும் கொடை. இதனையே கிறிஸ்தவ இறையியல் 'அருள்' அல்லது 'கிருபை' என்கிறது. ஆயர்களுக்கு முன் குனியாத தலை, கொடுப்பவருக்கு முன் குனிந்தது. முந்தைய பிடிவாதம் இந்தப் பணிவுக்குத் தடையாகவில்லை. பிறர் கூறியதற்காக எதனையும் ஏற்காதவராக இருந்தமையால்தான் ஏற்றபோது முழுமையாக ஏற்க அவரால் முடிந்தது எனலாம். இதன்பின்னும் அவர் எந்த ஒரு சபைப் பிரிவின் கட்டுக்குள்ளும் தம் பணியை ஒப்படைக்கவில்லை.

1896 இல் மத்திய இந்தியாவில் பஞ்சம் பரவியபோது, பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்த அவர் அங்கே நேரில் சென்று நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமியரையும் மீட்டு வந்தார். அவர்களுக்காகப் புணே மாவட்டத்தின் கேட்காவ் என்னும் ஊரில் உருவான குடியிருப்புக்கு அவர் இட்ட பெயர் 'முக்தி'. மறுக்கப்பட்ட சொல்லையே அவர் அந்த மண்ணுக்குச் சூட்டினார். 1900 ஆம் ஆண்டளவில் அங்கு 1,500க்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். உழவும் நெசவும் பால்பண்ணையும் அச்சுக்கூடமும் பெண்களின் உழைப்பால் நடந்தன; பார்வையற்றோர்க்குப் பிரெயில் எழுத்து கற்பிக்கப்பட்டது; ஃபுல்ஹாமில் கண்டதை மறவாமல், ஒதுக்கப்பட்ட பெண்களுக்கென 'கிருபா சதன்' என்னும் தனி இல்லமும் எழுந்தது. அவரவர் கைக்கு எது வருமோ அதில் அவரவரைப் பழக்குவதே அங்கு நிலவிய முறை.

வாழ்வின் இறுதிப் பகுதியை ரமாபாய் மராத்தி வேதாகம மொழிபெயர்ப்புக்குச் செலவிட்டார். இதற்காகவே எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். அன்று வழங்கிய மராத்தி வேதாகமம் சமஸ்கிருதச் சொற்கள் மிகுந்திருந்ததால், கல்வியற்ற கிராமப் பெண்ணுக்கு அது எட்டவில்லை என்பது அவரது கருத்து. விளங்காத இலத்தீனைச் சிலுவையில் சுமக்க மறுத்த அதே நியாயம் இப்போது அவருடைய சொந்தச் சொத்தாகிய சமஸ்கிருதத்தின் மீதே திரும்பியது. சுலோகங்களை நினைவில் சுமந்து பிழைத்த குடும்பத்தின் மகள், பண்டிதை என்னும் பட்டத்தையே தமக்கு வாங்கித்தந்த அம்மொழியின் சொற்களைத் தம் கையால் விலக்கி, முக்தியில் ஏர் பிடித்தோரும் தறி நெய்தோரும் பேசிய மராத்தியை இட்டு நிரப்பினார். 1921 இல் மனோரமா இறந்த துயரிலும் வேலை நிற்கவில்லை. 1922 ஏப்ரல் 5 அன்று ரமாபாய் காலமானார். முழு வேதாகமம் முக்தியின் அச்சுக்கூடத்திலேயே, அங்கு வளர்ந்த பெண்கள் எழுத்துக் கோத்த பக்கங்களாக, 1924 இல் வெளிவந்தது.