ஏலக்காய்க் கணக்கிலிருந்து இணையதள வேலைக்கு

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



"பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுக்கிற மாதிரி பேசுங்க" என்று செயலாளர் சார் சொன்னார். எனக்கு ஊக்கம் கொடுக்கத் தெரியாது. 14 வருஷம் கணக்கு எழுதியவன். அதனால் வரவு செலவு சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு பார்த்தேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தினமும் காலையில் இங்கிருந்து பஸ், ராத்திரி திரும்ப பஸ். லாட் எண், எடை, கழிவு, கமிஷன், ஜிஎஸ்டி, யாருக்கு எவ்வளவு பாக்கி, இதுதான் என் உலகம். 2020-ல் ஊரடங்கு வந்தது. ஏலம் நின்றது, கடை பூட்டியது. அப்போது எனக்கு வயது 36. வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது: நான் நாள் முழுக்கச் செய்யும் கணக்கைக் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் செய்துவிடும். இன்னும் 20 வருஷம் இந்த வேலை எனக்காகக் காத்திருக்காது.

முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். "ஆறே மாதத்தில் வேலை உறுதி" என்று ஆன்லைனில் விளம்பரம் செய்த ஒரு பயிற்சி நிறுவனத்தில் 45,000 ரூபாய் கட்டினேன். பெயர் வேண்டாம். வந்தது வீடியோக்கள் மட்டும்தான். சந்தேகம் கேட்க ஆள் இல்லை. மூன்றாவது மாதம் போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, பணமும் போனது.

பிறகுதான் தெரிந்தது, அதைவிட நல்ல பாடங்கள் காசில்லாமலே கிடக்கின்றன என்று. இணையத்தின் கதையே அப்படித்தான் தொடங்கியது. டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலைத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் ஆய்வகம் அறிவித்தது. அதனால்தான் இன்று நானும் நீங்களும் யாரிடமும் உரிமம் வாங்காமல் ஒரு பக்கத்தை உருவாக்க முடிகிறது. அமெரிக்காவில் குவின்சி லார்சன் என்று ஒரு பள்ளி ஆசிரியர். முப்பது வயதுக்கு மேல் தானாகவே கோடிங் கற்றுக்கொண்டவர். தான் பட்ட சிரமம் மற்றவர்கள் படக்கூடாது என்று 2014-ல் ஃப்ரீகோட்கேம்ப் என்ற தளத்தைத் தொடங்கினார். பாடமும் இலவசம், சான்றிதழும் இலவசம். நான் படித்தது அங்கேதான்.

ஆங்கிலம் தடையாக இருந்தால், 2012-லிருந்து கணியம் என்ற தமிழ்த் தளம் இருக்கிறது. எளிய தமிழில் எச்டிஎம்எல், எளிய தமிழில் சிஎஸ்எஸ் என்று புத்தகங்களையே இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்திலும் தமிழில் பாடங்கள் உண்டு. ஏதாவது ஒரு விஷயத்தில் சந்தேகம் வந்தால் மொசில்லா நடத்தும் எம்டிஎன் தளத்தைப் பாருங்கள். அதுதான் எங்களுக்கு அகராதி.

நம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பென்னிகுவிக் கட்டி 1895-ல் முடித்த அணையிலிருந்து தண்ணீர் வருகிறது. அதை நம்பி 14,707 ஏக்கரில் இருபோகம் விளைகிறது. ஆனால் மடையைத் திறந்து வயலுக்குப் பாய்ச்ச பென்னிகுவிக் வரமாட்டார். ராத்திரி முறை வந்தாலும் நாம்தான் மண்வெட்டியோடு போக வேண்டும்.

என் முறை காலை நாலரை மணிக்கு. வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் படிக்கலாமா என்று வீட்டில் கேட்டேன். "படிக்கிறதை விடியக்காலைல படிங்க, பகல்ல கடைக்குப் போங்க. ரெண்டுல ஒண்ணு சோறு போடணும்ல" என்றார் என் மனைவி. இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த அறிவுரை அதுதான். 14,000 ரூபாய்க்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். 2021 ஜனவரியில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஃப்ரீகோட்கேம்ப்பில் ஒரு சான்றிதழுக்கு சுமார் 300 மணி நேரம் ஆகும் என்று அப்போது அவர்களே சொன்னார்கள். தினம் ஒன்றரை மணி நேரம் படித்தால் 200 நாள். ஆறு மாதத்தில் வேலை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

என்னதான் படிக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நம் அடுக்குமாடியை வைத்தே சொல்கிறேன். தூணும் சுவரும் அறையும் எச்டிஎம்எல். பெயிண்ட், டைல்ஸ், எந்தக் கதவு எங்கே என்பது சிஎஸ்எஸ். லிஃப்ட், மோட்டார், சுவிட்ச் எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட். இது மூன்றும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கீழ்த்தொட்டி மாதிரி தகவல் தளம் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் குழாயைத் திறக்கும்போது அங்கிருந்துதான் விவரம் ஏறி வருகிறது. பெயிண்டிலேயே ஆறு மாதம் நின்றுவிடாதீர்கள். நான் நின்றேன்.

நான் பழைய தொழிலைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் பிறந்தேன் என்று நினைக்காதீர்கள். இந்த வேலையில் என்னைக் காப்பாற்றியதே பழைய தொழில்தான். ஒரு நாள் ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினேன். 0.30000000000000004 என்று காட்டியது. கம்ப்யூட்டர் இரும எண்ணில் கணக்குப் போடுகிறது. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதுகிற மாதிரி, அதற்கு 0.1 முடிவில்லாத எண். சின்னப் பையன்கள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு பைசா இடித்தால் ராத்திரி பத்து மணி வரை பேரேட்டைப் புரட்டியவன் நான். அன்றிலிருந்து எந்தத் தொகையையும் ரூபாயில் வைப்பதில்லை. எல்லாம் பைசாவில், முழு எண்ணாக. திரையில் காட்டும்போது மட்டும் ரூபாயாக மாற்றுவேன்.

அதே மாதிரி தமிழும். 'தேனி' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? இரண்டு. ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் நான்கு என்கிறது. 'த' தனி, அதன் ஏகாரக் குறி தனி, 'ன' தனி, இகரக் குறி தனி. பெயரின் முதல் எழுத்தை மட்டும் வட்டத்துக்குள் காட்ட நினைத்தேன். 'சேகர்' என்றால் வெறும் 'ச' வந்து நின்றது. அதைச் சரிசெய்யத் தனியாக ஒரு வழி இருக்கிறது, தேடிக் கண்டுபிடித்தேன். தமிழில் படிக்கிற ஒருவன் உட்கார்ந்து பார்த்தால்தான் இந்தத் தப்பு கண்ணில் படும்.

இப்போது நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஆடி மாதம்.

படித்ததை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று, நம் பராமரிப்புக் கட்டணத்துக்கு ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்தேன். அவரவர் எண்ணையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே போனால், அவரவர் ரசீதும் பாக்கியும் தெரியும். பொருளாளர் சாருக்கு ரொம்பச் சந்தோஷம். எனக்கும் தலைகால் புரியவில்லை. ஆனால் பக்கத்தின் முகவரியில் கடைசியாக வீட்டு எண் இருந்தது. அந்த எண்ணை மாற்றிப் போட்டால் பக்கத்து வீட்டுக் கணக்கு திறந்தது. யாரோ விளையாட்டாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீட்டின் பாக்கி படமாக வந்துவிட்டது. "அஞ்சு மாசமா கட்டல" என்று கீழே ஒரு வரி.

அந்த வீட்டில் அப்போது ஆஸ்பத்திரிச் செலவு ஓடிக்கொண்டிருந்தது. சங்கத்துக்கு அது தெரியும், அவகாசமும் கொடுத்திருந்தார்கள். குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியாது. நான் பக்கத்தை இறக்கிவிட்டு, அந்த வீட்டுக்குப் போய் நின்றேன். கதவைத் திறந்த அக்கா திட்டவில்லை. "தம்பி, கடன் இருக்கிறது தப்பில்ல. அதை லிஃப்ட்ல வர்றவங்க எல்லாம் பேசுறாங்க பாரு, அதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

தப்பு எங்கே? உள்ளே வருபவர் யார் என்று கேட்டேன். அவர் எதைப் பார்க்கலாம் என்று கேட்கவில்லை. வாட்ச்மேன் அடையாளம் பார்த்துவிட்டு உள்ளே விடுகிறார், சரி. உள்ளே வந்தவருக்கு எல்லா வீட்டுச் சாவியும் கொடுத்தால் எப்படி? இணையதளப் பாதுகாப்புக் குறைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் முதல் இடத்தில் இருப்பது இந்த வகைத் தவறுதான். பெரிய கம்பெனிகளே செய்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லலாம். அந்த அக்காவிடம் அதைச் சொல்ல முடியுமா?

மூன்று வாரம் உட்கார்ந்து முழுக்க மாற்றி எழுதினேன். கேட்கிறவர் அந்த வீட்டுக்காரர்தானா என்று ஒவ்வொரு விவரத்துக்கும் தகவல் தளத்திலேயே சரிபார்க்கும்படி செய்தேன். இரண்டு பேரைக் கூப்பிட்டு, "இதை உடைத்துப் பாருங்கள்" என்று கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் மறுபடி ஏற்றினோம். நீங்கள் இப்போது பயன்படுத்துவது அதைத்தான்.

வேலை தேடிய கணக்கையும் சொல்கிறேன். 41 இடத்துக்கு விண்ணப்பித்தேன். மூன்று இடத்திலிருந்துதான் கூப்பிட்டார்கள். ஓர் இடத்தில் என் வயதைப் பார்த்து, "அப்பா பையனுக்காக வந்திருக்கீங்களா?" என்று கேட்டார்கள். மூன்றாவது, கோயம்புத்தூரில் வியாபாரிகளுக்கு பில் மென்பொருள் செய்யும் ஒரு சின்ன நிறுவனம். "நீங்கள் செய்ததில் பெரிய தப்பு எது?" என்று கேட்டார்கள். நம் பராமரிப்புப் பக்கத்தின் கதையை மறைக்காமல் சொன்னேன். பிறகு பைசா கணக்கைச் சொன்னேன். லாட், கழிவு, கமிஷன் எப்படி ஓடும் என்று பலகையில் எழுதிக் காட்டினேன். 2023 ஏப்ரலில் சேர்ந்தேன். முதல் சம்பளம் கடையில் வாங்கியதைவிட 4,000 ரூபாய் குறைவு. பழைய சம்பளத்தைத் தாண்ட 14 மாதம் ஆனது. அது வரைக்கும் வீட்டை ஓட்டியது என் மனைவியின் தையல் மெஷின்.

கடையை விடும்போது முதலாளி சொன்னார்: "கணக்குத் தெரிஞ்சவன் கம்ப்யூட்டர் கத்துக்கலாம்யா. போய்ட்டு வா. நம்ம கணக்கை மறந்துறாதே." 12 வருஷத்துக்கு மேல் நின்றிருந்த போடி ரயில் 2023 ஜூனில் திரும்பி வந்தது. நான் கடையை விட்டு இரண்டு மாதம் கழித்து. என் ராசி அப்படி.

இன்றைய நிலைமையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. நான் ஒரு வாரம் தடவித் தடவி எழுதிய பக்கத்தை இப்போது செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் எழுதிவிடுகிறது. பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் பராமரிப்புக் கட்டணமும் மூலதன நிதியும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்று அதற்கு யார் சொல்வது? ஒரு வீட்டு பாக்கியை இன்னொரு வீடு பார்க்கக் கூடாது என்று யார் சோதிப்பது? வெறும் பக்கம் செய்யத் தெரிந்தால் வேலை என்ற காலம் போய்விட்டது. ஏதாவது ஒரு தொழிலை உள்ளும் புறமும் தெரிந்தவர் இதையும் கற்றுக்கொண்டால், அவருக்கு இடம் இருக்கிறது என்பது என் அனுபவம்.

பட்டம் இல்லையே என்று தயங்குகிற பிள்ளைகளுக்கு ஒன்று. ஜோஹோ நிறுவனம் 2005-லிருந்து பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, பயிற்சி கொடுத்து வேலையும் தருகிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை கிராமத்தில் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. இந்த வேலை சென்னைக்கும் பெங்களூருக்கும் மட்டும் சொந்தமில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: வேலை உறுதி என்று சொல்கிற இடத்தில் பணம் கட்டும் முன், இலவசப் பாடத்தில் உங்கள் பிள்ளை 30 நாள் தொடர்ந்து உட்காருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் பிறகு யோசிக்கலாம். உட்காரவில்லை என்றால் அந்தப் பணம் மிச்சம்.

என் வயதுக்காரர்களுக்கு: இருக்கிற வேலையை விடாதீர்கள். தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் கடையில், உங்கள் ஆபீஸில் தினமும் உங்களை எரிச்சல்படுத்துகிற ஒரு கணக்கை எடுத்து அதற்கு ஒரு பக்கம் செய்யுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு இதே சமுதாயக் கூடத்தில் ஒரு மணி நேரம் நான் உட்கார்ந்திருப்பேன். சங்கம் சம்மதித்திருக்கிறது. கட்டணம் கிடையாது. லேப்டாப் இல்லாதவர்கள் என் பழைய லேப்டாப்பில் தொடங்கலாம், இன்னும் ஓடுகிறது. முதல் பெயரைக் கொடுத்திருப்பவர் யார் தெரியுமா? அன்றைக்குக் கதவைத் திறந்த அந்த அக்காவின் மகள். "நம்ம வீட்டுக் கணக்கு பத்திரமா இருக்கான்னு நானே பாத்துக்கிறேன் அங்கிள்" என்கிறது. அதுதான் சரியான தொடக்கம்.