உறவில் இல்லாத பெயர்

(வானொலி மறையுரை: திருமுழுக்கு யோவான் பிறப்பு விழா, ஜூன் 24. நற்செய்தி: லூக்கா 1:57-66, 80)



பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் சண்டை வராத வீடு குறைவு. செக்கரியாவின் வீட்டிலும் வந்தது. எட்டாம் நாள் விருத்தசேதனத்துக்குக் கூடிய உறவினர்கள் தகப்பன் பெயரையே பிள்ளைக்கு வைக்கப் பார்க்கிறார்கள். எலிசபெத்து ஒத்துக்கொள்ளவில்லை, யோவான் என்கிறார். உங்கள் உறவில் யாருக்கும் இந்தப் பெயர் இல்லையே என்கிறார்கள் அவர்கள். பெற்றவள் சொன்னது போதவில்லை. வாய் பேச முடியாமல் உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம் சைகை காட்டிக் கேட்கிறார்கள். (பேச்சுதானே போனது, சைகை எதற்கு? அவருக்குக் காதும் கேட்காமல் போயிருக்கும் என்று விவிலிய அறிஞர்கள் சொல்வதுண்டு.) அவர் எழுதுபலகை வாங்கி, தம் மனைவி சொன்னதையே எழுதிக் காட்டுகிறார்.

உண்மையில் அந்த நாட்டில் அது அபூர்வமான பெயர் அல்ல. மக்கபேயர் நூலில் மத்தத்தியாவின் தந்தைக்கும் அந்தப் பெயர், மகன் ஒருவருக்கும் அந்தப் பெயர். இந்த ஒரு குடும்பத்துக்குத்தான் புதிது. ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்பது அதன் பொருள். முதுமையில் பிள்ளை பெற்றவர்களுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

புதிதாக நுழைந்த அந்தப் பெயர் பிறகு உலகம் முழுக்கப் போனது. 1958-இல் கர்தினால் ரொங்காலி திருத்தந்தையானபோது யோவான் என்ற பெயரைத் தேர்ந்துகொண்டார். தம் தந்தையின் பெயர் அது, தாம் திருமுழுக்குப் பெற்ற பங்கு ஆலயத்தின் பெயரும் அது என்று காரணம் சொன்னார். தகப்பன் பெயரைத் தள்ளிவிட்டு வந்த பெயர், அவர் வீட்டில் தகப்பன் பெயராகவே இருந்திருக்கிறது! நம் முன்னோர்கள் பொருளை விடாமல் அருளப்பர் என்று தமிழில் அழைத்தார்கள். ஊருக்கு நாலு அருளப்பன் இருந்த காலம் உண்டு.

இனி என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் தம்பதியர் குழந்தையின் திருமுழுக்குக்குப் பெயர் பதிய வந்தார்கள். கூடவே பாட்டியும் வந்திருந்தார்.

“என்ன பெயர்?”

“இவான், ஃபாதர்” என்றார் அந்தத் தாய்.

அந்த ஆண்டு அது எனக்கு மூன்றாவது இவான். சலிப்போடு, “இதெல்லாம் என்ன பெயர்? புனிதர் பெயர் ஒன்று சொல்லுங்கள்” என்றேன். பாட்டி முந்திக்கொண்டார்: “தாத்தா பேரு அருளப்பன் சாமி. அதையே எழுதுங்க.”

கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் வைக்காதபடி பார்த்துக்கொள்ளத்தான் திருச்சபைச் சட்டம் 855 சொல்கிறது. புனிதர் பெயர்தான் வேண்டும் என்று அதில் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அருளப்பன் என்று பதிவேட்டில் எழுதினேன். அந்தத் தாய் ஒன்றும் சொல்லவில்லை. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வருடங்கள் கழித்து, முதல் நற்கருணை வகுப்பில் பதிவேட்டைப் பார்த்து “அருளப்பன்” என்று கூப்பிட்டேன். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பக்கத்துப் பையன் இடித்த பிறகுதான் அவன் எழுந்தான். வீட்டில், தெருவில், பள்ளியில் அவன் இவான். கோவிலில் மட்டும் யாரோ.

அன்று இரவு புனிதர்கள் வரலாற்றைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. யோவானை இரஷ்ய மொழியில் இவான் என்பார்கள். தாத்தா பெயரும் பேரன் பெயரும் ஒன்றே. நான் அடித்துவிட்டு எழுதியதும் அதே பெயர்தான்!

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரிய கண்டுபிடிப்பு போல அந்தத் தாயிடம் சொன்னேன். அவர் காபி டம்ளரை என் முன்னால் வைத்தார்.

“தெரியும் ஃபாதர். மாமா பேரை விடக்கூடாதுன்னுதான் தேடி அந்தப் பேரை எடுத்தோம். அன்னைக்கே சொல்ல வாயெடுத்தேன். நீங்க என்னைக் கேக்கவே இல்லையே.”

பாட்டி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அன்றைக்குத்தான் அவருக்கும் அது தெரிந்தது.