நாற்றுப் பையும் உலகச் சந்தையும்
(மெர்போக் வட்டாரத் தோட்ட மக்களிடையே தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



செம்பனைக் கன்றை நட்டபின் நாம் கிழித்தெறியும் கரிய பை, பால்மரத்தின் வெட்டுப்பட்டையில் மழைநீர் வழியாமல் காக்கும் தாள், கடைக்காரர் மீன் கட்டித் தரும் மெல்லிய பை ஆகியவை பெரும்பாலும் ஒரே பொருளால் ஆனவை. அதன் பெயர் பாலிஎத்திலீன். 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வாளர்கள் வேறொன்றை நாடிச் செய்த சோதனையில் தற்செயலாகக் கிடைத்தது இது. இன்று உலகில் ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கு மேல் உற்பத்தியாகிறது. பிளாஸ்டிக் வகைகளுள் இதுவே முதலிடம் வகிக்கிறது.

இதன் மூலப்பொருளான எத்திலீன், எண்ணெயிலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் பெறப்படுகிறது. ஆகவே அவ்வளம் மிக்க மேற்காசிய நாடுகளும் அமெரிக்காவும் பெருமளவில் ஏற்றுமதி செய்கின்றன. சீனா தானும் உற்பத்தி செய்து, போதாமல் விலைக்கும் வாங்குகிறது. நம் நாட்டில் பாசிர் கூடாங்கிலும் கெர்த்தேயிலும் ஆலைகள் எழுந்தன.

எண்ணெய் விலை இறங்கினால் புதுப் பிளாஸ்டிக் மலிந்துவிடும். பழையதைச் சேர்த்துக் கழுவி உருக்குபவருக்கு அப்போது கட்டுப்படியாவதில்லை. நல்லதைப் பொறுக்கிக்கொண்டு எஞ்சியதை எரித்துவிடும் எண்ணம் அங்கேதான் பிறக்கிறது என்பது என் கருத்து.

நமக்கு அண்மையிலுள்ள சுங்கை பட்டாணி மக்கள் இதனை மூச்சிழுத்தே அறிந்தனர். 2018 ஜனவரியில் சீனா அந்நியப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்ததும், கழிவு ஏற்றிய கப்பல்கள் நம் துறைமுகங்களை நாடின. இரவில் எழுந்த புகை நெடி குறித்துக் குடியிருப்பாளர்கள் முறையிட்டனர். உரிமமற்ற ஆலைகள் மூடப்பட்டன. 2019-இல் கழிவுக் கொள்கலன்களைத் திருப்பியனுப்பும் பணியை அரசாங்கம் தொடங்கியது. 2025 ஜூலை முதல், பாசல் உடன்படிக்கையை ஏற்காத நாடுகளின் பிளாஸ்டிக் கழிவு இங்கு வர இயலாது.

அந்நியர் குப்பையைக் கடிந்துகொள்ளும் நாம், லயத்து வீடுகளின் பின்னே மாலையில் மூட்டப்படும் தீயையும் நோக்க வேண்டும். அக்குவியலில் பி.வி.சி. குழாய்த் துண்டோ மின்கம்பி உறையோ கலந்திருந்தால், டையாக்சின் எனும் கொடிய நஞ்சு உண்டாகக்கூடும். முதலில் அதைச் சுவாசிப்பவர்கள் முற்றத்தில் விளையாடும் நம் பிள்ளைகளே. எரிக்காமல் வாய்க்காலில் வீசினாலோ, மழை அதனை மெர்போக் ஆற்றுக்குக் கொண்டுசென்று அலையாத்தி வேர்களில் சிக்க வைக்கும்.

நாற்றுப் பைகளை மண் உதறி, உலர்த்தி, தனியே கட்டி வையுங்கள். சேறு ஒட்டிய பைக்குப் பழம்பொருள் வியாபாரி நல்ல விலை தரமாட்டார். அடுத்த நடவுக்குள் தோட்ட நிர்வாகமும் தொழிலாளர் பிரதிநிதிகளும் கலந்து பேசி, இதற்கென ஓரிடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மழை படாத ஒரு மூலை போதும்.