மங்கின பெயிண்ட்டும் அப்பாவோட மாருதியும்

அப்பாவோட 1998 மாருதி 800, வருஷக்கணக்கா வெயில்லதான் நின்னுச்சு. சிவப்பு வண்டி, ரோஸ் கலருக்கு வந்துடுச்சு. "புதுசா பெயிண்ட் அடிச்சிடலாம்ப்பா"ன்னேன். "முதல்ல தேய்ச்சுப் பாருடா"ன்னார்.

பெயிண்ட் ஏன் மங்குது? வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றும் சேர்ந்து மேல்பரப்பைச் சிதைக்குது. அந்தச் சொரசொரப்பில் ஒளி சிதறுறதால வெளிறித் தெரியுது. காம்பவுண்ட் போடும்போது நாம பளபளப்பைச் சேர்க்கல. கெட்டுப்போன மேல் அடுக்கைத் தேய்ச்சு எடுக்கிறோம்.

முதல்ல வண்டியை நல்லா கழுவிக் காயவிடுங்க. வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு, மறைவான இடத்துல தேய்ங்க. துணியில் வண்டியோட கலர் ஒட்டினா, பெரும்பாலும் மேலே கிளியர் கோட் இல்லைன்னு அர்த்தம். கிளியர் கோட் இருந்து, அது தோல் மாதிரி உரிஞ்சிருந்தா பாலிஷ் உதவாது, மறுபடி பெயிண்ட்தான்.

எனக்குத் துணி சிவந்துச்சு. நிழல்ல நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமா ரப்பிங் காம்பவுண்ட், அப்புறம் பாலிஷ், கடைசியா வேக்ஸ். பானட் மின்னினதும் ஆசை வந்து ஓரத்துல இன்னும் அழுத்தினேன். சாம்பல் நிற பிரைமர் எட்டிப் பார்த்துச்சு! ஓரங்களில் பெயிண்ட் மெல்லிசு; மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கணும்.

அப்பா திட்டல. "போதும்டா, கொஞ்சம் பெயிண்ட்டையும் மிச்சம் வை"ன்னார்.

அதான் விஷயம். காம்பவுண்ட் அடிக்கடி வேண்டாம்; மிச்சமிருக்கிற பெயிண்ட்டை வேக்ஸ் போட்டுக் காப்பாத்துங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.